தாயும் சேயும் நலம் என்று செய்தி அனுப்பிய பிறகு

விடியற்காலை நாலரை மணிக்கு உறவினர், நண்பர் எல்லோருக்கும் ஒரே செய்தியை அனுப்பினேன். ‘பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.’ அதை அனுப்பிய நேரத்தில் என் மனைவி ஐசியூவில் தொண்டையில் குழாயோடு கிடந்தாள். அவள் உடம்பில் ஓடிக்கொண்டிருந்த ரத்தத்தில் பாதிக்கு மேல் முகம் தெரியாத யாரோ கொடுத்தது. பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து அதை எழுதவில்லை. பிரசவம் முடிந்தால் சொல்வதற்கு எனக்குத் தெரிந்த வாக்கியம் அது ஒன்றுதான். சில நிமிடங்களில் வாழ்த்துகள் வந்து குவிந்தன. ஒவ்வொன்றுக்கும் கைகூப்பும் படம் போட்டுப் பதில் அனுப்பினேன். அதற்குப் பிறகு ஏழு மாதம் நான் அந்த வாக்கியத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டு கிடந்தேன். எல்லோரும் நலம் என்று நானே சொல்லிவிட்டேன், இனி எனக்கு என்ன கேடு?

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பிரசவ அறையில் நான் கூடவே இருந்தேன். நள்ளிரவு தாண்டி 12:50க்குக் குழந்தை பிறந்தது. முதல் பத்து நிமிடம் சந்தோஷம்தான், அழுதேன்கூட. நஞ்சுக்கொடியும் வந்துவிட்டது என்றார்கள். அப்புறம் நர்ஸ் ஒருவர் அவள் வயிற்றை அழுத்தித் தேய்க்கத் தொடங்கினார், நிறுத்தவில்லை. இன்னொருவர் கீழே பார்த்துவிட்டு முகத்தை மாற்றாமல் ஏதோ சொன்னார். “குளிருது” என்றாள் அவள். பற்கள் கிட்டிக்கொண்டிருந்தன. நான் என்ன செய்தேன் தெரியுமா? “ஏசி ஜாஸ்தியா இருக்கு போல” என்று நர்ஸிடம் குறைக்கச் சொன்னேன். இந்த ஒரு வரியை ஏழு மாதம் தூக்கிச் சுமந்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு கண் திறந்தே இருந்தும் என்னைப் பார்க்கவில்லை. யாரோ சுவரில் ஒரு பொத்தானை அழுத்தினார்கள். அறை நிறைந்துவிட்டது. ஒன்பது பேர் வரை எண்ணினேன். ஓரமாக ஒதுங்கும்போது செருப்பு வழுக்கியது. குனிந்து பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போன விஷயத்தை இங்கே எழுதிவிடுகிறேன். தெரிந்திருந்தால் அந்த ஒன்பது பேரைப் பார்த்து அத்தனை பயந்திருக்க மாட்டேன். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சு பிரிந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் திறந்துதான் இருக்கும். கருப்பைத் தசை இறுகிச் சுருங்கி அவற்றை நெரித்து மூட வேண்டும். தசை தளர்ந்து கிடந்தால் குழாய்கள் மூடாது. பிரசவத்துக்குப் பிறகு வரும் பெரும் ரத்தப்போக்கில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இந்தத் தளர்ச்சிதான். நஞ்சின் துண்டு உள்ளே தங்குவது, எங்காவது கிழிவது, ரத்தம் உறையாமல் போவது ஆகியவை மற்றவை. 500 மில்லிக்கு மேல் போனாலே அதிகம் என்பது நெடுங்கால அளவுகோல். அவளுக்குப் போனது கிட்டத்தட்ட 3 லிட்டர். இதற்கெல்லாம் நிமிடக் கணக்கில் வேலை செய்ய வேண்டும் என்பதால்தான் அவர்கள் ஓடுகிறார்கள். ஒருவர் வயிற்றை அழுத்துவார், ஒருவர் ஊசி, ஒருவர் ரத்தத்துக்கு போன், ஒருவர் நேரத்தைக் குறிப்பார். நான் அதைக் கலவரம் என்று நினைத்தேன். பழகிச் செய்யும் வேலை அது என்று பின்னால்தான் புரிந்தது. ஆள்கள் ஓடி வருவது நல்ல அறிகுறி. யாரும் வராவிட்டால்தான் பயப்பட வேண்டும்.

“சார், வெளிய இருங்க.” அவ்வளவுதான். கதவு மூடியது. சினிமாவில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு தாயா சேயா என்று கேட்பார் இல்லையா, அப்படி யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நடைபாதையில் ஒரு இளம் டாக்டர் அட்டையில் செருகிய படிவத்தை நீட்டினார். வயிற்றைத் திறக்க வேண்டி வரலாம், வேறு வழியில்லாமல் போனால் கருப்பையை எடுக்க வேண்டி வரலாம் என்றார். உறவு என்ற இடத்தில் ‘கணவர்’ என்று எழுதினேன். எழுத்து கோணிக்கொண்டு போனது. படித்தீர்களா என்று கேட்டார், படித்தேன் என்றேன். ஒரு சொல்கூடப் படிக்கவில்லை. அடுத்த நிமிடம் கட்டிலோடு அவளைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். இன்னொரு நர்ஸ் வந்து துணியில் சுற்றிய குழந்தையை என் கையில் வைத்துவிட்டு அதே திசையில் போய்விட்டார்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த நேரத்தைப் பற்றி மறைக்காமல் எழுதுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் இதைத் தொடங்கினேன். கையில் குழந்தை தூங்கியது. அதன் முகத்தைப் பார்த்து எனக்கு வந்த முதல் நினைப்பு, ‘உன்னாலதானே’ என்பது. அரை நொடிதான். வந்தது வந்ததுதான். அடுத்து, இவளை மட்டும் தூக்கிக்கொண்டு தனியாக வீட்டுக்குப் போகிற காட்சி வந்தது. அதற்கும் அடுத்து, யாருக்கு எப்படிச் சொல்வது, மாமியாரிடம் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று மனம் வாக்கியம் எழுதத் தொடங்கிவிட்டது. அவள் உயிரோடு இருக்கும்போதே அவளுடைய சாவுச் செய்தியை நான் வாக்கியமாக அமைத்துக்கொண்டிருந்தேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது? இப்படி நினைப்பவன் என்ன மனிதன்? பின்னால் ஒரு மனநல நிபுணர், இதே நாற்காலியில் உட்கார்ந்த பலரும் இதே மூன்றையும் நினைத்திருக்கிறார்கள், சொல்வதில்லை, அவ்வளவுதான் என்றார். முன்பே யாராவது சொல்லியிருக்கலாம் என்பதால்தான் நான் சொல்கிறேன்.

அந்த நேரத்தில் செய்ய முடிந்த இரண்டு காரியங்கள் உண்டு, இரண்டையும் நான் செய்யவில்லை. ஒன்று, கண்ணில் படும் முதல் ஊழியரிடம் “எனக்கு யார் வந்து சொல்வாங்க, எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை?” என்று கேட்பது. என்ன ஆச்சு என்று கேட்டால் அவர்களுக்கே பதில் தெரியாது, நழுவிவிடுவார்கள். யார் வந்து சொல்வார் என்று கேட்டால் ஒரு ஆள் பொறுப்பேற்றாக வேண்டும். முடிந்தால் இதைப் பிரசவத்துக்கு முன்பே, மருத்துவமனைப் பரிசோதனைக்குப் போகும் நாளில் கேட்டு வையுங்கள். அவசரம் வந்தால் நான் எங்கே நிற்பேன், என்னோடு யார் பேசுவார்கள் என்று. அபசகுனமாகப் பேசாதே என்பார்கள், பரவாயில்லை. இரண்டாவது, ஒரே ஒரு ஆளை வரவழைப்பது. பத்துப் பேர் வேண்டாம். ‘அம்மா பயந்துடுவாங்க’ என்று நான் யாரையும் கூப்பிடவில்லை. மூன்று மணி நேரம் அந்தக் குழந்தையைக் கீழே வைக்கவும் தெரியாமல், கழிப்பறைக்குப் போகவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒருவழியாகப் பெரிய டாக்டர் வெளியே வந்தார். கருப்பைக்குள் பலூன் வைத்து அழுத்திப் பார்த்திருக்கிறார்கள், நிற்கவில்லை. வயிற்றைத் திறந்து, கருப்பையைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் தையல் போட்டிருக்கிறார்கள். 1997இல் மருத்துவ இதழில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட முறையாம். அதற்கு முன்பென்றால் அவளுக்குக் கருப்பை போயிருக்கலாம். “இப்போதைக்குக் கட்டுக்குள்ள இருக்கு” என்றார். நான் சிரித்துக்கொண்டே “ரொம்ப நன்றி டாக்டர்” என்றேன். ‘இப்போதைக்கு’ என்ற சொல் மட்டும் காதிலேயே தங்கிவிட்டது. பிறகுதான் அந்த நாலரை மணிச் செய்தி.

மருத்துவமனையில் மொத்தம் ஒன்பது நாள். ஐசியூவுக்கும் குழந்தைப் பிரிவுக்கும் நடையாய் நடந்தேன். எனக்கிருந்த விடுப்பு முழுவதும் அங்கேயே தீர்ந்துபோனது. வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் வேலைக்குப் போனேன். சிக்கல் வந்த உடனே, உள்ளே இருக்கும்போதே, டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி அலுவலகத்தில் கொடுத்து விடுப்பைப் பிரித்து எடுக்க முடியுமா என்று கேட்டிருக்க வேண்டும். மருத்துவமனையிலாவது கவனிக்க ஆள் இருந்தார்கள், வீட்டுக்கு வந்த மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் நான் நிஜமாகவே தேவைப்பட்டேன். பில் நாங்கள் ஒதுக்கி வைத்ததைப் போல நான்கு மடங்கு வந்தது. இரண்டு வருடச் சேமிப்பு போய், கொஞ்சம் கடனும் ஆயிற்று. அதைப் பற்றி அதிகம் புலம்பப் போவதில்லை. ஆனால் அந்தக் கடனைக் கட்ட வேண்டும் என்பதையே நான் அலுவலகத்தில் ராத்திரி வரை உட்கார்ந்திருக்கச் சாக்காக வைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போகப் பயம் என்பதுதான் உண்மை.

பயம் எப்படிப்பட்டது என்றால், அவள் தூங்கும்போது வாய் லேசாகத் திறந்திருக்கும். ஐசியூவில் பார்த்த அதே முகம். ராத்திரி நாலைந்து முறை எழுந்து மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி ஒன்று வாங்கினேன். அது சரியாகக் காட்டுகிறதா என்று சந்தேகம் வந்து இன்னொன்று. இரண்டும் வேறு வேறு எண் காட்டியதால் மூன்றாவது. வாஷிங் மெஷின் துவைத்து முடித்ததும் பீப் அடிக்கும். ஒருநாள் அது அடித்தபோது நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். எப்படி உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. பிறகு நெஞ்சுப் படபடப்பு. இதய மருத்துவரிடம் போனேன். மூன்று ஈசிஜி, ஒரு எக்கோ, ஓடவிட்டுப் பார்க்கும் சோதனை என்று இரண்டு மாதம் அலைந்தேன், நல்ல பணமும் போனது. எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். நெஞ்சு படபடத்தால் முதலில் இதயத்தைப் பார்ப்பது தப்பில்லை, பார்க்கத்தான் வேண்டும். நான் கோட்டை விட்டது வேறு இடத்தில். அந்த டாக்டர் மிகப் பொறுமையாக, “வீட்ல சமீபத்துல ஏதாவது நடந்துதா?” என்று கேட்டார். “இல்ல டாக்டர், குழந்தை பிறந்திருக்கு. எல்லாரும் நல்லா இருக்காங்க” என்றேன்.

வீட்டில் எல்லோரும் பேசியதும் இதே பேச்சுதான். “நல்ல வேளை மாப்பிள்ளை, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது.” “நீ தைரியமா இருந்தாத்தாம்பா அவ தேறி வருவா.” அவர்கள் மேல் குறை இல்லை. ஆனால் அந்த வாக்கியங்களுக்கு மறுபேச்சுப் பேச இடமே கிடையாது. ரத்தம் இழந்தவள் அவள், வயிற்றில் தையல் அவளுக்கு, சோகையில் வெளிறிப்போய் மாடிப்படி ஏற முடியாமல் நிற்பவளும் அவள்தான். நான் சும்மா நின்று பார்த்தவன். எனக்கென்ன காயம்? (நடுவில் ஒரு விஷயம். அவளுக்குப் பால் சுரக்கத் தாமதமானது. முயற்சி போதவில்லை என்று இரண்டு வாரம் அவளும் தன்னை நொந்துகொண்டாள், நாங்களும் அவளை விடவில்லை. அதிக ரத்தம் போனால் பால் தாமதமாவது உண்டு. பால் அடியோடு வராமல், மாதவிலக்கும் திரும்பாமல், சோர்வும் தீராமல் இருந்தால் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டிருக்கலாம், அபூர்வம்தான், ஆனாலும் டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அவளுக்கு அப்படி இல்லை. தாமதம்தான்.)

இதில் எனக்கு ரொம்பக் காலம் விளங்காமல் இருந்தது அவளுடைய பக்கம். “குளிருது” என்று சொன்னதற்குப் பிறகு அவளுக்கு எதுவுமே நினைவில்லை. மறுநாள் மாலை ஐசியூ விளக்கைப் பார்த்ததுதான் அடுத்த நினைவு. அவள் வாழ்க்கையின் மிகப் பெரிய ராத்திரி அவளிடம் இல்லை, என்னிடம் இருந்தது. வந்த முதல் வாரத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். “அப்புறம் என்ன ஆச்சு? பாப்பாவ யார் வெச்சிருந்தாங்க? நான் ஏதாவது பேசினேனா?” நான் ஒவ்வொரு முறையும், “அதெல்லாம் எதுக்கு இப்ப, நீ ரெஸ்ட் எடு” என்று மூடிவிட்டேன். அவளைக் காப்பாற்றுகிறேன் என்ற நினைப்பு. அந்த முகத்தைப் பார்க்க முடியாமல், குழந்தை சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று பொய் சொல்லிக் கூடத்தில் படுத்தேன். தொடுவதற்கும் பயம். இன்னொரு கர்ப்பம் என்றால் இன்னொரு ராத்திரி என்றே எனக்குக் கணக்கு ஓடியது. அவள் அதையெல்லாம் வேறு மாதிரிக் கோத்திருக்கிறாள். ஆறாவது மாதம் ஒருநாள் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வந்து நின்றாள். “தள்ளித் தள்ளிப் போறீங்க. வயித்துத் தையல் அருவருப்பா இருக்கா? இல்ல, அன்னிக்கு நான் ஏதாவது பண்ணிட்டேனா? சொல்லுங்க, எனக்குத்தான் ஞாபகமே இல்லையே.”

அப்போதும் நான் சொல்லவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். மறுநாள் அலுவலக வாகன நிறுத்தத்தில் ஒரு சக ஊழியர், அவ்வளவு நெருக்கம்கூடக் கிடையாது, தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே, “உங்க வைஃபுக்கு அன்னிக்கு ரொம்ப சீரியஸ்னு இப்பதான் கேள்விப்பட்டேன். அப்ப நீங்க எங்க இருந்தீங்க?” என்று கேட்டார். அவர் என்ன நினைத்துக் கேட்டாரோ. அத்தனை மாதத்தில் என் மனைவி எப்படி இருக்கிறாள், குழந்தை எப்படி இருக்கிறது என்று நூறு பேர் கேட்டிருப்பார்கள். நான் எங்கே இருந்தேன் என்று யாரும் கேட்டதில்லை. அந்த நாற்காலியில் தொடங்கி, செருப்பு வழுக்கியது வரை பின்னோக்கிச் சொன்னேன். இருபது நிமிடம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கிளம்பும்போது தன் தம்பி பார்த்த மனநல நிபுணரின் எண்ணைக் கொடுத்தார். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இப்படி ஒரு ராத்திரியைக் கடந்திருந்தால், மனைவி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேளுங்கள். தைரியமாக இரு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அந்த நிபுணரிடம் நான் சொன்ன முதல் வாக்கியம், “எனக்கு ஒண்ணும் ஆகல, என் மனைவிக்குத்தான்” என்பது. அதற்கு அவர் ஒரு விளக்கம் கொடுத்தார். பேரதிர்ச்சிக்குப் பின் வரும், PTSD என்கிற இந்த மனநோயை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல் தன் கையேட்டில் சேர்த்தது. போரிலிருந்து திரும்பிய வீரர்களை வைத்தே அதிகம் பேசப்பட்டதால் நாம் போரோடு மட்டும் சேர்த்துப் பார்க்கிறோம். ஆனால் இன்றைய வரையறையில், உயிருக்கு ஆபத்து தனக்கு வந்திருக்க வேண்டும் என்பதில்லை, இன்னொருவருக்கு வருவதை நேரில் பார்த்தாலும் போதும். காட்சிகள் அழைக்காமல் வருவது, அதை நினைவூட்டும் இடத்தையும் ஆளையும் தவிர்ப்பது, எந்நேரமும் உஷாராகவே இருப்பது, தன்மேலேயே பழி போட்டுக்கொள்வது. இவை ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் போய்ப் பார்க்க வேண்டும். நான் தவிர்த்த ஆள் என் மனைவி என்பது அந்தப் பட்டியலைக் கேட்டபோதுதான் உறைத்தது.

அப்போது இன்னொன்றும் ஞாபகம் வந்தது. ஆறாவது வாரப் பரிசோதனையில் அவளிடம் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். எடின்பரோ அளவுகோல் என்பார்கள், பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க 1987இல் வந்தது, 10 கேள்விகள். அவள் டிக் அடிக்க அடிக்க, பக்கத்தில் உட்கார்ந்து நானும் மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். கூட்டிப் பார்த்தால் என் எண்ணிக்கை அவளுடையதைவிட அதிகம். பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அங்கே மட்டும் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் காணாமல் போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று வண்டி ஓட்டும்போதெல்லாம் நினைத்தேன். உங்களுக்கு அந்த எண்ணம் வந்திருந்தால் ஏழு மாதம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். அந்தக் கேள்வித்தாளை ஆண்களுக்கும் பயன்படுத்துகிறார்கள், இன்னும் குறைந்த மதிப்பெண்ணையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று பின்னால் தெரிந்தது. எந்தச் சிக்கலும் இல்லாத பிரசவத்திலேயே அப்பாக்களுக்கு மனச்சோர்வு வருவது உண்டு. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2010இல் வந்த ஒரு கட்டுரை சுமார் 10 சதவீதம் என்றது, அதுவும் மூன்றிலிருந்து ஆறாவது மாதத்தில் உச்சம். எனக்கு அழுகையாக வரவில்லை. எரிச்சலாக, வேலையாக, வீட்டுக்குத் தாமதமாகப் போவதாக வந்தது.

சிகிச்சை பதினொரு அமர்வு. அதிர்ச்சியை மையமாக வைத்துப் பேசும் முறையும், கண்ணை இடமும் வலமும் அசைத்துக்கொண்டே அந்தக் காட்சியை நினைக்கும் முறையும் உண்டு. 2013இல் உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் பரிந்துரைத்திருக்கிறது. கண்ணை அசைப்பது எனக்கு ஆரம்பத்தில் வித்தை காட்டுவதுபோல் இருந்தது, அதனால் பேசும் முறையை எடுத்துக்கொண்டேன். அன்றைய ராத்திரியை இப்போது நடப்பதுபோல, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். முதல் மூன்று வாரம் தூக்கம் இன்னும் கெட்டது. அங்கே பலர் விட்டுவிடுவார்களாம், நானும் ஒரு வாரம் போகவில்லை. நான்காவது, ஐந்தாவது முறை சொல்லும்போது செருப்பு வழுக்கிய இடம் வரும்போது நெஞ்சு அடைக்கவில்லை. வழுக்கியது, அவ்வளவுதான்.

மருத்துவமனைக்கு எழுதி, நடந்ததை விளக்கச் சொல்லி நேரம் கேட்டது என் மனைவிதான். ஒன்றை இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். நடந்த மறுநாளே உட்காரவைத்து மனதில் உள்ளதையெல்லாம் கொட்டச் சொல்வது உதவாது என்பதே இப்போதைய மருத்துவ ஆலோசனை. நான் சொல்வது அது அல்ல. தேறிய பிறகு, நாமாகக் கேட்டுப் போய், மருத்துவக் குறிப்பை வைத்துக்கொண்டு டாக்டரிடம் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வது. போகும் முன்பு இரண்டு பேரும் தனித்தனியாகக் கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். குறிப்பின் நகலும் கேளுங்கள். எங்களுக்கு முக்கால் மணி நேரம் கொடுத்தார்கள். அறுவை அரங்கில் அவள் இருந்தது 2 மணி 35 நிமிடம். என் நினைவில் அது ஆறு மணி நேரம். ‘ரொம்ப நேரம் பெரிய டாக்டர் வரவே இல்லை’ என்று நான் கறுவிக்கொண்டிருந்தேன். பொத்தான் அழுத்தி நான்காவது நிமிடம் வந்திருக்கிறார். ரத்தப்போக்கை மட்டுப்படுத்தும் டிரானெக்சாமிக் அமில ஊசி போட்ட நேரமும் அதில் இருந்தது. பிரசவமான 3 மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன் என்று 2017இல் வெளியான, 20,000 பெண்களுக்கு மேல் பங்கேற்ற பெரிய ஆய்வு காட்டியதாம். அவளுக்கு அரை மணி நேரத்துக்குள் போட்டிருந்தார்கள்.

கடைசியில் என் கேள்வியைக் கேட்டேன். குளிர்கிறது என்று அவள் சொன்னபோது நான் ஏசியைக் குறைக்கச் சொன்னேன், அந்த நேரத்தில் உங்களைக் கூப்பிட்டிருந்தால் இவ்வளவு போயிருக்காது இல்லையா? டாக்டர் தாளைப் புரட்டிவிட்டு, “நீங்க அதைச் சொன்னது எந்த நிமிஷம்னு இதுல இல்ல சார். ஆனா அவங்க குளிருதுன்னு சொல்லி நாங்க கண்டுபிடிக்கல. கண்ணால பாத்துதான் கண்டுபிடிச்சோம். வயித்த அழுத்திக்கிட்டிருந்தாங்கன்னு நீங்களே சொல்றீங்களே, அதுதான் வைத்தியம். அப்பவே ஆரம்பிச்சாச்சு” என்றார். என் மனைவி என் பக்கம் திரும்பினாள். ஏசி விஷயம் அவளுக்கு அப்போதுதான் தெரியும். “இதுக்கா?” என்றாள். பிறகு நகலில் கீழே இருந்த கையெழுத்தைக் காட்டி, “இது யாரோடது?” என்று கேட்டாள். என்னுடையதுதான், ஆனால் வங்கிக்காரன் பார்த்தால் ஏற்க மாட்டான்.

அன்று ராத்திரி முழுவதையும் சொன்னேன். ‘உன்னாலதானே’ என்று குழந்தையைப் பார்த்து நினைத்ததையும் சேர்த்து. அதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன், வந்துவிட்டது. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அந்த மூணு மணி நேரமும் பாப்பா உங்க கையிலதான் இருந்தாளா?” என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். பாப்பா பிறந்ததும் யாரோ அந்நியர் கையில் கிடந்திருப்பாள் என்று ஏழு மாதமாக நினைத்து அழுதிருக்கிறாள். நான் காப்பாற்றுவதாக நினைத்து மறைத்து வைத்திருந்தது, அவளுக்கு வேண்டியிருந்த அந்த ஒரு பதிலைத்தான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கடன் இன்னும் இருக்கிறது. அந்த வருடம் எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை, குறை அலுவலகத்தின் மேல் இல்லை. மூன்று கருவிகளில் இரண்டைக் கொடுத்துவிட்டேன், ஒன்று அலமாரியில் இருக்கிறது. இப்போது அவள் இன்னொரு குழந்தையைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறாள். ஒருமுறை இப்படி ரத்தம் போனவர்களுக்கு மறுபடி வர வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், அதனால் கர்ப்பத்துக்கு முன்பே பேசி, எல்லா வசதியும் உள்ள இடத்தில் திட்டமிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எனக்கு இன்னும் சரி என்று சொல்ல வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அடுத்த வாரம் இரண்டு பேரும் போய்ப் பார்க்கிறோம். ஒரே தாளில் கேள்விகளை எழுதியிருக்கிறோம், மொத்தம் ஒன்பது. எட்டு அவளுடைய எழுத்து. ஒன்பதாவது மட்டும் என்னுடையது: அவளை உள்ளே கொண்டுபோன பிறகு என்னிடம் யார் வந்து பேசுவார்கள்?